இலையுதிர் மாதத்துச் சம்பளச் சீட்டு

கேள்வி: நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகளுக்கு 29 வயது. உள்நாட்டு மலிவுக் கட்டண விமான நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகத் துணை விமானியாக இருக்கிறாள். ஏறக்குறைய 2,800 மணி நேரம் பறந்திருக்கிறாள். படிப்புக்கு மூன்றரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆனது. வீட்டை அடகு வைத்தோம், என் சேமநிதியிலிருந்தும் எடுத்தோம். இன்னும் 1,60,000 வெள்ளி கடன் நிற்கிறது. இப்போது துபாயில் ஒரு நிறுவனம் பெரிய விமானத்தில் துணை விமானி வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. மாதம் 30,000 திர்ஹாம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மைத்துனர் சிங்கப்பூரே மேல் என்கிறார். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர், இந்தியாவில் விமானிக்குத் தட்டுப்பாடு, அங்கே போகலாம் என்கிறார். நான் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறேன். மகளின் ஜனவரி சீட்டில் 17,140 வெள்ளி. பிப்ரவரியில் 13,370தான். ஒரு விமானம் பராமரிப்புக்குப் போய்விட்டதால் வேலை குறைந்ததாம். அடுத்த வாரம் அவளுக்குச் சிமுலேட்டரில், அதாவது விமானி அறை போன்ற பயிற்சி இயந்திரத்தில், சோதனை வேறு இருக்கிறது. எந்த நிறுவனம் நல்லது என்று சொல்லுங்கள்.

பதில்: ஐயா, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் தோட்டத்து ஆபீசில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. நானும் தோட்டத்தில் பிறந்தவன். என் தாயார் பால்மரம் வெட்டியவர். விமானம் ஓட்டிய காலம் போக, இப்போது சிமுலேட்டரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே ஒரு பத்தி போட்டு, அதன் தலையில் 'மாதச் சம்பளம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வெட்டுத் தொழிலாளியின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று யாராவது உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? எந்த மாதம், எத்தனை கிலோ, மழை எத்தனை நாள் என்று திருப்பிக் கேட்டிருப்பீர்கள். விமானியின் கதையும் அதுதான்.

மகளின் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜனவரியில் 78 மணி நேரம், பிப்ரவரியில் 49 மணி நேரம் என்று கடிதத்தின் பின்பக்கம் பென்சிலில் குறித்திருக்கிறீர்கள். வித்தியாசம் 29 மணி. பணத்தில் வித்தியாசம் 3,770 வெள்ளி. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 130 வெள்ளி வருகிறது. 49ஐ 130ஆல் பெருக்கினால் 6,370. அதை பிப்ரவரிச் சீட்டிலிருந்து கழித்தால் சரியாக 7,000 மிஞ்சுகிறது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் பிள்ளையின் கைக்கு வருவது அந்த ஏழாயிரம்தான். மற்றதெல்லாம் நிறுவைக் காசு, பாலின் எடைக்குத் தகுந்தபடி கொடுப்பது மாதிரி. பிப்ரவரி, மார்ச்சில் கித்தா (ரப்பர்) மரம் இலை உதிர்த்துப் பால் குறையும்போது லயத்தில் கடைக் கடன் கணக்கு ஏறுவதைப் பார்த்தவர் நீங்கள். உங்கள் மகளுக்கும் அது பிப்ரவரியிலேயே வந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

விமானியின் 'பறந்த மணி' என்பது சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, மறுபடி வந்து நின்று கட்டை போடும் வரைதான். வேலைக்கு ஆஜராகும் நேரம் அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு போல, அதுதான் எங்கள் பெரட்டு. வானிலை அறிக்கை, எரிபொருள் கணக்கு, பயணிகள் ஏறி இறங்குவது, கால தாமதம், எல்லாம் பெரட்டுக் கணக்கில் சேரும், நிறுவைக் கணக்கில் சேராது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்பி, மறுபடி ஒருமுறை போய்த் திரும்பினால் நான்கு பயணம். பறந்த மணி நான்குக்கு மேல் அதிகம் தேறாது. வேலையில் இருந்த நேரம் எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும். துபாயிலிருந்து லண்டனுக்கு ஒரே பயணம், ஏழு மணிக்கு மேல் பறப்பு, வேலை நேரம் ஒன்பதரை மணி. ஒரே அளவு நேரம் சீருடையில் இருந்தவர்களில் ஒருவருக்கு நான்கு மணிக்குக் காசு, இன்னொருவருக்கு ஏழு மணிக்கு. மலிவுக் கட்டண நிறுவனத்தில் மணிக்கூலி கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். சில நிறுவனங்கள் மணிக்குப் பதிலாகப் பயணத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கின்றன. குறுந்தூரம் ஓட்டுபவருக்கு அது இலாபம்.

அதோடு, எந்த நிறுவனமும் ஒரு விமானியை விருப்பம்போல் ஓட்டிவிட முடியாது. 28 நாளில் 100 மணி நேரம் என்பது உலகில் பல நாடுகளில் உச்ச வரம்பு. ஆண்டுக்கு 900 அல்லது 1,000 மணி நேரம், நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே மணிக்கூலியை நம்பிய வருமானத்துக்கு மேலே கூரை உண்டு. கீழே தரை உண்டா என்பதுதான் கேள்வி. சில ஒப்பந்தங்களில் 'பறக்காவிட்டாலும் இத்தனை மணிக்குக் காசு உறுதி' என்று எழுதியிருப்பார்கள். மகளின் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா? சீட்டைப் பார்த்தால் இருப்பதாகத் தெரியவில்லை. துபாய்க் கடிதத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.

துபாய்க் கடிதத்தை நீங்கள் அப்படியே நகலெடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 30,000 திர்ஹாமில் அடிப்படைச் சம்பளம் 16,000, வீட்டுப் படி 9,000, பறப்புப் படி சுமார் 5,000. அதாவது பறக்காத மாதத்திலும் 25,000 நிற்கிறது. உங்கள் மகளின் இன்றைய நிலைக்கு இது வேறு உலகம், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி வீட்டில் தங்கினால் அந்த 9,000 கைக்கு வராது. வெளியே வாடகைக்குப் பிடித்தால், அங்கே ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. முதல் மாதத்திலேயே பெரிய தொகை தேவைப்படும். கடன் வாங்கிப் போகிறவர்கள் பலரும் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

நீங்கள் 30,000 திர்ஹாமை வெள்ளிக்கு மாற்றிப் பட்டியலில் 39,000 என்று போட்டிருக்கிறீர்கள். அது பழைய விலை. திர்ஹாமை அமெரிக்க டாலரோடு கட்டி வைத்திருக்கிறார்கள். 1997லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், மாறுவதே இல்லை. நம் வெள்ளிதான் ஏறி இறங்குகிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளியைத் தொட்டது. அப்போது 30,000 திர்ஹாம் 39,000 வெள்ளிக்கு மேல். 2025 முடியும்போது டாலர் 4.10க்கு அருகே வந்துவிட்டது. அந்த விலையில் அதே 30,000 திர்ஹாம் 33,500 வெள்ளிதான். யாரும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, 5,500 வெள்ளிக்கு மேல் காணாமல் போய்விட்டது. கடன் வெள்ளியில் இருக்கும்போது இது சின்ன விஷயம் அல்ல. வெள்ளி மறுபடி சரிந்தால் இலாபம்தான், ஆனால் அதை நம்பி வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போடக் கூடாது.

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது என்று உங்கள் பட்டியலில் நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் பக்கத்திலேயே சேமநிதி என்று ஒரு பத்தி இல்லையே! தோட்டத்துக் கிராணி சேமநிதியை மறப்பதா? இங்கே 5,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் என்றால் முதலாளி 12 விழுக்காடு, தொழிலாளி 11 விழுக்காடு. அந்த 12 விழுக்காடு எந்தத் தொகைக்குக் கட்டப்படுகிறது, 7,000க்கு மட்டுமா, பறப்புப் படிக்கும் சேர்த்தா என்று மகளின் சேமநிதி அறிக்கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். 7,000க்கு மட்டும் என்றால் ஆண்டுக்கு 10,080 வெள்ளி. துபாயில் சட்டப்படி வேலையை விடும்போது கொடுக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். 16,000 அடிப்படைக்கு ஆண்டுக்கு 11,200 திர்ஹாம் வரும். டாலருக்கு 4.10 என்ற விலையில் நம் காசில் 12,500 வெள்ளி. முதலாளி பங்கு என்ற வகையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பிள்ளையின் சொந்தப் பங்கான 11 விழுக்காட்டை அங்கே யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள். கைக்கு வந்த காசு கையிலேயே கரையும். அவர் போவதாக இருந்தால், இங்கே சேமநிதிக் கணக்கில் தானாகவே முன்வந்து ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி வரை போடலாம். முதல் மாதத்திலிருந்தே அதைப் பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வரி, குடியிருப்பு நாள் கணக்கு முதலியவற்றைக் கிளம்பும் முன் ஒரு வரிக் கணக்கரிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் வேறு மாதிரி.

சிங்கப்பூரைப் பற்றி உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. சிங்கப்பூர் வெள்ளி வலுவானது, ஈப்போவுக்கு வந்துபோவதும் சுலபம். அங்கே மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் போகிற மலேசியருக்கு முதலாளி பங்கும் இல்லை, சொந்தப் பங்கும் இல்லை. கையில் கடிதமே இல்லாத வேலையைப் பற்றி இதற்கு மேல் பேசுவானேன்?

இந்தியாவை நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அங்கே வெளிநாட்டு உரிமம் உள்ளவர்களுக்குத் தற்காலிக அனுமதிதான், அதுவும் பெரும்பாலும் கேப்டன்களுக்கு. துணை விமானிக்கு வாசல் குறுகலானது. ஆனால் சென்னைச் சொந்தக்காரர் சொன்ன 'தட்டுப்பாடு' எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேலை நிலைமை பற்றி அதில் பெரிய செய்தி இருக்கிறது. அங்கே விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தினார்கள். இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். புதிய விதி முழுமையாக அமலுக்கு வந்ததும், 2025 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. புதிய ஓய்வு விதிக்குத் தேவையான விமானிகள் கையில் இல்லை. அரசு தற்காலிகமாக விதியைத் தளர்த்தி நிலைமையைச் சமாளித்தது. ஆகவே ஒரு நிறுவனத்தில் ஆள் பற்றாக்குறை என்று கேள்விப்பட்டால், சம்பளம் கூடும் என்று நினைப்பதற்கு முன், அங்கே இருப்பவர்கள் எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனத்தின் விமானம் விழுந்தது. தரையில் ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி இளம்பெண். குடியிருந்தது மேற்குக் கரையில் சியாட்டில் பக்கம், வேலைக்கு ஆஜராக வேண்டியது கிழக்குக் கரையில் நியூவார்க்கில். இரவெல்லாம் சரக்கு விமானத்தில் பயணியாக வந்து வேலையில் உட்கார்ந்திருக்கிறார். விசாரணையில் அவருடைய சம்பளம் எவ்வளவு குறைவு என்று வெளிவந்தபோது அந்த நாடே திகைத்தது. அதற்குப் பிறகுதான் அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற சட்டமும், களைப்பைக் கணக்கில் எடுக்கும் புதிய ஓய்வு விதிகளும் வந்தன. பெரிய நிறுவனங்களில் சம்பளமும் பின்னால் ஏறியது. டெல்டா விமானிகள் 2023இல் நான்கு ஆண்டுகளில் 34 விழுக்காடு உயரும் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே மணிக்கூலி அட்டவணையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை இல்லாதவருக்கு அந்த அட்டவணை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் நகைதான்.

உங்கள் மகள் இப்போது எங்கே தூங்குகிறார்? அதை நீங்கள் எழுதவில்லை. நீலாய் பக்கம் அறை எடுத்திருந்தால் நல்லது. விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் வந்துவிட்டு, அதிகாலை ஐந்து மணி ஆஜருக்கு நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போகிறார் என்றால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இங்கே அவருக்கு இருக்கும் ஒரு சௌகரியம், பெரும்பாலான இரவுகளில் சொந்தக் கட்டிலுக்குத் திரும்பிவிடுவது. துபாயில் அது மாறும். அங்கே பல நெடுந்தூர விமானங்கள் நள்ளிரவைத் தாண்டிக் கிளம்பும். ஒரு வாரம் ஐரோப்பா, அடுத்த வாரம் ஆஸ்திரேலியா என்றால் உடம்புக்கு எந்த ஊர் நேரம் என்றே தெரியாது. சிலருக்கு அது பிடிக்கிறது. ஒரு பயணம், ஒரு தரையிறக்கம், ஊர் பார்க்க ஒரு நாள். எனக்குப் பிடிக்கவில்லை. நான் நான்கு பயணம் ஓட்டிவிட்டு இரவு வீட்டில் ரசம் குடிக்கும் ரகம்.

பணிமூப்பு வரிசைக்கு உங்கள் பட்டியலில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கோ மற்ற எதையும்விட அதுதான் பெரிது. விமான நிறுவனத்தில் ஒவ்வொரு விமானிக்கும் சேர்ந்த நாளை வைத்து ஓர் எண் உண்டு. பல நிறுவனங்களில் கேப்டன் ஆவது, எந்த விமானம் ஓட்டுவது, தீபாவளிக்கு விடுப்பு கிடைப்பது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது, எல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கும். அதைப் பெட்டியில் போட்டு இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துப் போக முடியாது. அங்கே மறுபடி கடைசி ஆள். நான் இதை அனுபவித்தே சொல்கிறேன். தொண்ணூறுகளில் நான் துணை விமானியாக இருந்தபோது வெளிநாட்டில் இரண்டு மடங்கு சம்பளம் என்று கிளம்பிவிட்டேன். சேர்ந்து இரண்டு ஆண்டு ஆவதற்குள் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வரிசையின் அடியில் இருந்தவர்களை அனுப்பினார்கள், நானும் ஒருவன். திரும்பி வந்தபோது எனக்குப் பின்னால் சேர்ந்த பையன் தோளில் நான்கு கோடு போட்டுக்கொண்டு கேப்டனுக்குரிய இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அருகே வலது இருக்கையில் நான் மூன்று ஆண்டு உட்கார்ந்தேன். நல்ல பையன், இன்றும் நண்பன். ஆனால் அந்த மூன்று ஆண்டுக் கேப்டன் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தால், வெளிநாட்டில் சம்பாதித்தது அதில் கரைந்துவிட்டது.

கெட்ட ஆண்டு வரவே வராது என்று நினைக்க இந்தத் தொழிலில் இடமில்லை. 2014இல் இரண்டு விமானங்களை இழந்த மலேசியா ஏர்லைன்ஸ் மறுசீரமைக்கப்பட்டபோது 6,000 வேலைகள் போயின. 2020இல் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் 5,900 வேலைகளை நீக்கியது. கேத்தே டிராகனை மூடியது. மிச்சமிருந்த விமானிகள் நிரந்தரமாகச் சம்பளம் குறைக்கும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமமும் அதே ஆண்டு 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. நம் கண்ணெதிரே மைஏர்லைன் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி 2023 அக்டோபர் 12ஆம் தேதி திடீரென்று நின்றது. பதினொரு மாதம்கூட முழுதாகவில்லை. ஆகவே, இந்த நிறுவனம் கடைசிக் கெட்ட ஆண்டில் தன் விமானிகளிடம் எப்படி நடந்துகொண்டது என்று அங்கே வேலை பார்த்த இரண்டு பேரிடம் கேட்டாலே போதும், விளம்பரப் புத்தகம் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

அந்தச் சமயத்தில் பேசுவதற்கு ஆள் இருக்கிறதா என்பதும் முக்கியம். தோட்டத்தில் மாப்பா என்றால் முதலாளிமார் சங்கம், எதிரே உட்கார்ந்து பேசத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். மலேசியா ஏர்லைன்ஸில் மாப்பா என்றால் விமானிகள் சங்கம்! அந்தப் பெயரைக் கேட்டபோதெல்லாம் என் தாயார் முகத்தைச் சுளிப்பார். ஐக்கிய அரபு சிற்றரசுகளில் தொழிற்சங்கம் வைக்கவே அனுமதி இல்லை. நிறுவனம் நல்லபடியாக இருக்கும்வரை அது தெரியாது.

நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு 29 வயது. கல்யாணம், குழந்தை என்ற பேச்சு வீட்டில் இல்லாமல் இருக்காது. எப்போது என்பது அவர் பாடு. ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அமீரகத்தில் சட்டம் தருவது 60 நாள், அதில் 45 நாளுக்கு முழுச் சம்பளம், 15 நாளுக்குப் பாதி. இதைவிட அதிகமாகக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு, கேட்க வேண்டும். விடுப்பைவிடப் பெரிய விஷயம், கர்ப்பத்தில் பறக்க முடியாத மாதங்கள். அப்போது பறப்புப் படி இருக்காது. இங்கே என்றால் அந்த ஏழாயிரத்தில் ஓட வேண்டும். துபாயில் 25,000 நிற்கும். நேர்மையாகச் சொன்னால் இந்த ஒரு வரியில் துபாய்தான் மேலே. பிரசவம் என்றில்லை, நோய் வந்தாலும் இதே கணக்குதான். விமானியின் உரிமம் ஆண்டுதோறும் மருத்துவர் போடும் கையெழுத்தில் தொங்குகிறது. உரிமம் போனால் ஈடு கொடுக்கும் காப்பீட்டை நிறுவனம் எடுத்திருக்கிறதா, எவ்வளவுக்கு என்று இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும்.

எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டீர்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி என்னால் பதில் எழுத முடியாது. ஆனால் பதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்ட முடியும். இங்கே மகளுக்கு முன்னால் வரிசையில் எத்தனை துணை விமானிகள் இருக்கிறார்கள், கடைசியாகக் கேப்டன் ஆனவர் சேர்ந்து எத்தனை ஆண்டில் ஆனார்? இரண்டுக்கும் பதிலை அவர் ஒரு நாளில் விசாரித்துவிடலாம். இன்னும் இரண்டு, இரண்டரை ஆண்டில் முறை வரும் என்றால், நான் அவர் இடத்தில் இருந்தால் போக மாட்டேன். குறுந்தூர விமானத்தில் நான்கு பயணம் ஓட்டி, நம் ஊர் மாலை இடிமழையில் கேப்டனாக முடிவெடுத்துப் பழகிய மணி நேரம் எங்கே போனாலும் மதிப்புள்ளது. கேப்டனாக வளைகுடாவுக்குப் போகும் வாசலும் அவ்வப்போது திறக்கிறது. பெரிய விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்தால் பணம் இன்றே வரும், இடது இருக்கைக்கு அங்கே எத்தனை ஆண்டு என்பது அந்த நிறுவனம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் இங்கே வரிசை நீளம், ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும், விமானமும் புதிதாக வாங்கவில்லை என்றால் போகட்டும். அப்போது நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மாட்டேன்.

கடனைக் காரணமாக வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். பிறகு உங்கள் பட்டியலை மறுபடி பார்த்தேன். மாதம் 3,000 கட்டினால் 1,60,000க்கு வட்டி இல்லாமலே நாலரை ஆண்டு. துபாயிலிருந்து மாதம் 9,000 அனுப்பினால் ஒன்றரை ஆண்டில் முடியும். அடகு வைத்தது நீங்கள் குடியிருக்கும் வீடு என்பதால் இதைத் தள்ளிப் பேச எனக்கு உரிமை இல்லை. உங்களுக்குத் தூக்கம் வராதது அந்தப் பத்திரம் வங்கியில் இருப்பதால் என்றால் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு சம்பளப் பட்டியல் போட்டால், அவருக்கு அது பட்டியலாகத் தெரியாது, கட்டாயமாகத் தெரியும்.

போவதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்பு சிலவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். புதிய விமானத்துக்கான பயிற்சிச் செலவுக்கு ஈடாக எத்தனை ஆண்டு வேலையை விடக் கூடாது என்று பிணை, இடையில் விட்டால் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருமா அல்லது முழுத் தொகையும் கட்ட வேண்டுமா? ஆட்குறைப்பு செய்து அவர்களே அனுப்பினாலும் பிணைக் காசு கேட்பார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே இப்போதைய நிறுவனத்தோடு பிணை பாக்கி இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் அதையும் கடனோடு கூட்டுங்கள். துபாய் போன பிறகும் மலேசிய உரிமத்தை மருத்துவச் சோதனை செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். காலாவதியாக விட்டுவிட்டுத் திரும்பி வந்து தவிப்பவர்களை என் சிமுலேட்டர் அறையில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுடைய உலகம் சுற்றிய அனுபவம் அந்த நேரத்தில் ஒரு பயனும் தருவதில்லை.

பட்டியலை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். 'மாதச் சம்பளம்' என்ற பத்தியை அடித்துவிட்டு, பறக்காத மாதத்துச் சம்பளம், வேலையில் இருந்த ஒரு மணிக்கு எவ்வளவு, கேப்டன் ஆக எத்தனை ஆண்டு என்று மூன்று பத்தி பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன். அவற்றை நீங்கள் நிரப்ப வேண்டாம், மகள் கையால் நிரப்பட்டும். பதில் சொல்ல மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. சிமுலேட்டர் சோதனை அடுத்த வாரம் என்று எழுதியிருந்தீர்கள். அது முடிந்து அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி எழும் வரை இந்தக் காகிதத்தை அலமாரியிலேயே வைத்திருங்கள்.